இயல் 7: விறைக்கும் விரல்களும் பனிபடியும் வில்லைகளும் — குளிர் இரவுகளில் கைச்சூட்டுப் பொட்டலத்தின் பயன்பாடு

குளிரைப் பொறுத்தவரை, வான்நோக்குதல் மலையேற்றத்தையும் பனிச்சறுக்கையும்விடக் கடினமான பொழுதுபோக்கு என்று சொன்னால் மிகையாகத் தோன்றலாம். ஆனால் மலையேறுபவர் நடந்துகொண்டே இருக்கிறார், நடப்பவருடைய தசைகள் ஓயாமல் வெப்பத்தை உண்டாக்குகின்றன, தொலைநோக்கியின் அருகில் நிற்பவரோ இரவு முழுவதும் ஏறத்தாழ அசையாமல் ஓரிடத்திலேயே நிற்கிறார். போதாக்குறைக்கு, அவருக்கு வேண்டியது மேகமற்ற வானம். மேகப் போர்வை இல்லாத இரவில்தான் நிலம் தன் வெப்பத்தைத் தடையின்றி வானத்துக்குக் கதிர்வீசி இழக்கிறது என்பதால், அவர் தேடிப்போகும் நல்ல வானமும் அவரை வாட்டும் குளிரும் ஒரே காரணத்திலிருந்து பிறப்பவை.

தமிழகத்திலிருந்து செல்லும் வான்நோக்கர்கள் இத்தகைய குளிரை அதன் முழு வலிமையோடு சந்திக்கும் இடங்களுள் முதன்மையானது லடாக்கில் உள்ள ஹான்லே. கடல்மட்டத்திலிருந்து 4,500 மீட்டர் உயரத்தில், பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தின் வானாய்வகம் அங்கே அமைந்துள்ளது. 2000ஆம் ஆண்டில் முதன்முதலாக வானைப் படம்பிடித்த 2 மீட்டர் இமாலயச் சந்திரா தொலைநோக்கியும் அங்கேதான் நிற்கிறது. அத்தொலைநோக்கியைப் பயன்படுத்தும் வானியலாளர்கள் பெங்களூரை அடுத்த ஹொசக்கோட்டையில் ஓர் அறைக்குள் அமர்ந்து, செயற்கைக்கோள் இணைப்பின் வழியாக அதை இயக்குகிறார்கள் என்பதிலிருந்தே, விவரமறிந்தவர்கள் ஹான்லேயின் குளிரோடு எப்படி உடன்பாடு செய்துகொண்டார்கள் என்பது விளங்கும். 2022இல் அப்பகுதி இருள்வான் காப்பகமாக அறிவிக்கப்பட்ட பின்னர், சொந்தத் தொலைநோக்கியும் கேமராவுமாக அங்கே செல்லும் ஆர்வலர்களுக்கு அந்த வசதி கிடையாது. குளிர்கால இரவுகளில் பூச்சியத்துக்குக் கீழே 20 டிகிரி செல்சியசையும் தாண்டி இறங்கும் வெப்பநிலையில், அவர்கள் தம் கைகளாலேயே எல்லாவற்றையும் செய்தாக வேண்டும்.

நீலகிரி, கொடைக்கானல், ஜவ்வாது மலை ஆகிய உள்ளூர் வான்நோக்கிடங்களின் நிலைமை வேறு. அங்கும் கைச்சூட்டுப் பொட்டலம் பயன்படும் என்றாலும், அங்கே அது கையைவிடக் கண்ணாடி வில்லைக்கே அதிகம் தேவைப்படுகிறது என்பதால், அதைப் பற்றித் தனியே பேசவேண்டியுள்ளது.

இவ்வியலில் 'கைச்சூட்டுப் பொட்டலம்' என்று குறிக்கப்படுவது, உறையைப் பிரித்துக் காற்றுப் பட்டதும் தானாகவே சூடேறி, உள்ளங்கைக்குள் அடங்கும் சிறிய துணிப்பையாகும். கடையில் 'ஹேண்ட் வார்மர்' என்று கேட்டால்தான் கிடைக்கும். அப்பெயரில் வேறு மூன்று வகைக் கருவிகளும் விற்கப்படுவதால், எது எதற்கு உதவும் என்பதை அறிந்து வாங்குவது பணத்தையும் மிச்சப்படுத்தும், விரலையும் காக்கும்.

கை ஏன் முதலில் விறைக்கிறது

உடல் குளிர்ந்துவிடும் என்ற நிலை வரும்போது, இதயம், நுரையீரல், மூளை ஆகியவை அடங்கிய நடுப்பகுதியின் வெப்பத்தைக் காப்பதற்காக, கை கால்களின் தோலுக்குச் செல்லும் இரத்தக் குழாய்களை உடலே சுருக்கிக்கொள்கிறது. விரல்களில் வெப்பம் உண்டாக்கும் தசை ஏறக்குறைய இல்லை. விரல்களை அசைக்கும் தசைகளில் பெரும்பகுதி முன்கையில் இருக்கிறது, விரலுக்குள் ஓடுவது நாண்களே. ஆகவே இரத்தம் கொண்டுவரும் வெப்பம்தான் விரலின் ஒரே வருமானம் எனலாம்; அதுவும் குறைந்துவிட்டால், பருமனுக்கு ஒவ்வாத அளவில் மேற்பரப்பு மிகுந்த அந்த உறுப்பு விரைவாகக் குளிர்கிறது. விரல் தோலின் வெப்பநிலை 15 டிகிரிக்குக் கீழே இறங்கும்போது நுண்ணிய வேலைகளில் தடுமாற்றம் தெரியத் தொடங்குகிறது. 8 டிகிரியை நெருங்கும்போது தொடுவுணர்வே மங்கிப்போகிறது. நினைவட்டையைக் கழற்றி மாற்றுவது, கண்ணருகு வில்லையைப் பிடித்திருக்கும் சிறு திருகைத் தளர்த்துவது, குவியத்தை மயிரிழை அளவில் திருத்துவது ஆகிய வேலைகள் எல்லாமே தொடுவுணர்வை நம்பியவை. இருளில் மணலில் விழுந்த 4 மில்லிமீட்டர் திருகை விறைத்த விரலால் தேடியவருக்கு இதன் பொருள் விளக்காமலே விளங்கும்.

குளிர்ந்த விரலில் சில நிமிடங்களுக்குப் பிறகு இரத்தக் குழாய்கள் தாமாகவே சற்று விரிந்து, மீண்டும் சுருங்கி, இப்படி மாறிமாறி இயங்குவதை பிரிட்டிஷ் மருத்துவர் தாமஸ் லூயிஸ் 1930இல் விவரித்தார். விரல் இறந்துபடாமல் இருக்க உடல் அவ்வப்போது அனுப்பும் இந்தச் சிறு படி, உடலின் நடுப்பகுதி கதகதப்பாக இருக்கும்போது தாராளமாகவும், அது குளிர்ந்திருக்கும்போது கஞ்சத்தனமாகவும் கிடைக்கிறது. எனவே கை குளிர்கிறது என்றால், மார்பும் கழுத்தும் தலையும் போதிய அளவு மூடப்பட்டிருக்கின்றனவா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். தொப்பியை மறந்துவிட்டு இரண்டு கையிலும் பொட்டலத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பது, கூரை ஒழுகும்போது தரையைத் துடைப்பதற்கு ஒப்பாகும்.

நான்கு வகைச் சூடு

தமிழ் வீடுகளில் இரண்டு வகைச் சூடு பழக்கத்தில் இருந்திருக்கிறது. தவிட்டையோ கல்லுப்பையோ வாணலியில் வறுத்துத் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுப்பது ஒன்று. அதில் அடுப்பிலிருந்து வாங்கிய சூடு சேமிக்கப்பட்டு, மெல்ல மெல்லச் செலவாகிறது. கணப்புச்சட்டியில் கரியைக் கனலவிட்டுக் குளிர்காய்வது மற்றொன்று. அதில் சூடு அங்கேயே அப்போதைக்கப்போது உண்டாகிறது. காஷ்மீரத்தில் கம்பளி அங்கிக்குள் ஏந்திச் செல்லப்படும் காங்கிரி என்னும் பிரம்பு வேய்ந்த மண்சட்டி இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது. இன்று கடையில் கிடைக்கும் நான்கு கருவிகளையும் இந்த இரண்டு தலைப்புகளுக்குள் அடக்கிவிடலாம்.

ஒத்தடத்தின் வழிவந்தது, உள்ளே தெளிந்த நீர்மமும் ஓர் உலோகத் தகடும் கொண்ட நெகிழிப்பை. அந்நீர்மம் சோடியம் அசிட்டேட் என்னும் உப்பின் அதிதெவிட்டிய கரைசல், அதாவது இயல்பாகக் கரையக்கூடிய அளவுக்கும் மேலாக உப்பைத் தாங்கிநிற்கும் கரைசல் ஆகும்; தகட்டை மடக்கியதும் அது நொடிகளில் வெண்படிகமாக உறைந்து, ஏறத்தாழ 55 டிகிரி வரை சூடேறுகிறது. பின்னர்க் கொதிநீரில் இட்டுப் படிகம் முழுவதையும் உருக்கினால் மீண்டும் பயன்படும் என்பதால் சிக்கனமானது போலத் தோன்றினாலும், 100 கிராம் எடையுள்ள பை வெளியிடுவது சுமார் 25 கிலோஜூல் வெப்பமே. கடுங்குளிரில் அது ஒரு மணி நேரம் நீடிப்பதே அரிது. பயணப்பைக்குள் கிடக்கும்போதே குலுங்கலில் தகடு மடங்கி, ஆள் போய்ச் சேருவதற்குள் சூட்டைச் செலவழித்துவிடுவதும் உண்டு. இரவு முழுதும் விழித்திருப்பவருக்கு இது ஏற்றதன்று.

இரும்புத் தூள் பொட்டலம் கணப்பின் வழிவந்தது. அதற்குள் இருப்பவை இரும்புத் தூள், உப்பு, நீர், கிளர்வூட்டிய கரி, நீரைத் தாங்கிவைக்கும் வெர்மிகுலைட் என்னும் கனிமம் அல்லது அதுபோன்ற வேறொரு பொருள். வீட்டு ஜன்னல் கம்பி மழைக்காலத்தில் துருப்பிடிக்கும்போது நடக்கும் அதே ஆக்சிஜனேற்றம்தான், அதாவது இரும்பு காற்றிலுள்ள ஆக்சிஜனோடு கூடும் வேதிவினைதான், இங்கும் நடக்கிறது. கம்பியில் அது ஆண்டுக்கணக்கில் நடப்பதால் சூடு உணரப்படுவதில்லை, தூளாக்கி உப்பும் ஈரமும் சேர்த்ததால் இங்கே பத்து மணி நேரத்துக்குள் நடந்துமுடிகிறது. ஜப்பானில் கல்லைச் சூடாக்கித் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொள்ளும் பழக்கம் மிகப் பழமையானது. அதைத் தொடர்ந்து 'கைரோ' என்ற பெயரில் பல மடிக்கணப்புகள் அங்கே வழங்கிவந்தன. அந்த வரிசையில் 1978இல் 'ஹொக்கரோன்' என்ற பெயரில் இரும்புத் தூள் பொட்டலம் கடைக்கு வந்து பரவலாயிற்று.

ஒரு பொட்டலத்தில் 20 கிராம் இரும்பு இருப்பதாகக் கொண்டால், கிராமுக்கு ஏறத்தாழ 7 கிலோஜூல் வீதம் 140 கிலோஜூல் வெப்பம் கிடைக்கும். அது பத்து மணி நேரத்துக்குப் பகிரப்படும்போது 4 வாட் ஆகிறது. சும்மா அமர்ந்திருக்கும் மனித உடல் உண்டாக்கும் வெப்பம் சுமார் 100 வாட் என்பதை இதனோடு ஒப்பிட்டால், உண்மையான அடுப்பு உடல்தான், பொட்டலம் அதற்கு எடுபிடி மட்டுமே என்பது தெளிவாகும். மூன்றாம் வகையான மின்கலச் சூடேற்றியும் இந்தக் கணக்கில் பெரிதாக முந்துவதில்லை: 10,000 மில்லியாம்பியர்-மணி என்று அச்சிட்டு விற்கப்படும் லித்தியம் மின்கலத்தில் அடங்கியிருப்பது 37 வாட்-மணி, அதாவது 133 கிலோஜூல், சில ஆயிரம் ரூபாய்க் கருவிக்கும் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பொட்டலத்துக்கும் சூட்டளவில் வேறுபாடு இவ்வளவுதான்.

மின்கலச் சூடேற்றியின் சிறப்பு, அதற்குக் காற்று தேவையில்லை என்பதும், வேண்டும்போது நிறுத்திவைக்கலாம் என்பதுமாகும். இரவில் கைபேசிக்கும் கேமராவுக்கும் மின்னூட்ட உதவுவது கூடுதல் வசதி. குளிரில் அதன் கொள்ளளவு குறையும் என்பதையும், பூச்சியத்துக்குக் கீழே குளிர்ந்திருக்கும் லித்தியம் மின்கலத்தை அறைக்குக் கொண்டுவந்த உடனே மின்னூட்டினால் அது நிலையாகக் கெட்டுப்போகக்கூடும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். அதன் முகப்பில் ஒளிரும் நீல, வெள்ளை விளக்குகள் இருளுக்குப் பழகிய கண்ணைக் கெடுக்கும்; அப்பழக்கம் மீளக் குறைந்தது இருபது நிமிடமாவது ஆகும் என்பதால், கிளம்புமுன்பே கறுப்பு ஒட்டுநாடாவால் அவற்றை மறைத்துவிடுவது நல்லது.

நான்காம் வகை, 1923இல் ஜப்பானியரான மட்டோபா நீச்சி உருவாக்கிய பென்சின் கைரோவின் வழிவந்தது. சிகரெட் லைட்டரில் ஊற்றும் எரிநீர்மத்தின் ஆவி, பிளாட்டினம் பூசிய இழைமீது சுவாலையின்றி ஆக்சிஜனோடு கூடுகிறது. பிளாட்டினம் தான் மாறாமல் வினையை விரைவுபடுத்துவதால் அதை வினையூக்கி என்பர். ஒருமுறை நிரப்பினால் ஏறத்தாழ ஒரு நாள் நீடிக்கும் இக்கருவி எல்லாவற்றிலும் மிகுந்த சூடு தருவது. ஆயினும் எரிநீர்மத்தை விமானத்தில் கொண்டுசெல்ல இயலாது, தொடங்கிவைக்க நெருப்பு வேண்டும், மூடிய கூடாரத்துக்குள்ளோ வண்டிக்குள்ளோ வைத்துக்கொண்டு உறங்குவது அபாயம். லடாக்கின் லே நகர் வரை விமானத்தில் செல்பவர் இதைத் தவிர்த்துவிடுவதே நலம். மின்கலத்தையும் சரக்குப் பெட்டியில் போடாமல் கைப்பையில்தான் கொண்டுசெல்ல வேண்டும். இரும்புப் பொட்டலங்களைப் பற்றி விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது, சோதனை மேடையில் வாதிடுவதைவிட எளிது.

பொட்டலம் மூச்சுவிட வேண்டும்

இரும்புப் பொட்டலத்தைக் குறைகூறுபவர்களில் பெரும்பாலோர், அது சூடேறவில்லை என்றோ, சூடேறி உடனே அணைந்துவிட்டது என்றோதான் சொல்கிறார்கள். விசாரித்தால், பொட்டலத்தின் மீது பழியில்லை, அதற்குக் காற்று கிடைக்கவில்லை என்பது தெரியவரும். 20 கிராம் இரும்பு முழுவதும் வினைபுரிய ஏறத்தாழ ஆறரை லிட்டர் ஆக்சிஜன், அதாவது கடல்மட்டக் காற்று முப்பது லிட்டருக்கு மேல் வேண்டும். இறுக்கமான கையுறைக்குள், உள்ளங்கைக்கும் துணிக்கும் நடுவே நசுங்கிக் கிடக்கும் பொட்டலத்துக்கு இந்த முப்பது லிட்டர் எங்கிருந்து வரும்? கடல்மட்டத்திலேயே இந்தப் பாடு என்றால், 4,500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் 60 விழுக்காட்டுக்கும் குறைவு. மூச்சு வாங்கும் மனிதரைப் போலவே பொட்டலமும் அங்கே திணறுகிறது. மதுரையில் சோதித்துப் பார்த்தபோது கைபொறுக்காமல் சுட்ட பொட்டலம் ஹான்லேயில் வெதுவெதுப்போடு நின்றுவிட்டால், அது போலிச் சரக்கு என்று முடிவுகட்ட வேண்டியதில்லை.

இதிலிருந்து பயன்பாட்டு முறைகள் தாமாகவே கிளைக்கின்றன. வேதிவினை குளிரில் மந்தமாகும் என்பதால், பொட்டலத்தைத் தொலைநோக்கியருகே நின்று பிரிக்காமல், வெளியே கிளம்புவதற்கு அரைமணி முன்னதாக அறைக்குள்ளேயே பிரித்து, சிலமுறை குலுக்கி, மேலங்கியின் வெளிப்பையில் தளர்வாகப் போட்டு, நன்றாகச் சூடேறிய பிறகே கையுறைக்குள் செலுத்த வேண்டும். ஐந்து விரலுக்கும் தனித்தனி உறை கொண்ட தடித்த கையுறையைவிட, மெல்லிய உட்கையுறையும் அதன்மேல் நான்கு விரலும் ஒரே அறையில் சேர்ந்திருக்கும் தொளதொளப்பான மிட்டன் உறையும் அணிவது இதற்கு மிகவும் பொருந்தும்: விரல்கள் ஒன்றையொன்று சூடேற்றிக்கொள்கின்றன, பொட்டலத்தைச் சுற்றிக் காற்றுக்கும் இடமிருக்கிறது, திருகைத் தொட வேண்டிய நேரத்தில் மேலுறையை மட்டும் கழற்றினால் போதும். மிட்டனை ஒரு நாடாவில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொள்ளாதவர்கள், இருட்டில் ஒன்றையாவது காற்றுக்குக் கொடுத்துவிட்டுத் திரும்புகிறார்கள்.

பொட்டலத்தைக் கைக்குள் இறுகப் பிடித்துக்கொள்ளவே மனம் விரும்பும். ஆனால் பிடித்துக்கொண்டிருக்கும் கையால் வேறு வேலை செய்ய முடியாது. நாடி பார்க்குமிடமாகிய மணிக்கட்டின் உட்புறத்தில் இரத்தக் குழாய்கள் தோலுக்கு மிக அருகில் ஓடுகின்றன. அவ்விடத்தில் உட்கையுறையின் மேலாகப் பொட்டலத்தை வைத்து, காற்றுப் புகும் நெசவுள்ள பட்டையால் தளர்வாகக் கட்டினால், விரலுக்குப் போகும் இரத்தம் வெப்பத்தை இழக்காமல் போய்ச் சேர்கிறது, விரல்களும் விடுதலையாக இருக்கின்றன. மேலங்கியின் கைவிளிம்புக்கும் கையுறைக்கும் இடையே வெறும் தோல் தெரிகின்ற அரையங்குல இடைவெளிதான் கைக்குளிரின் நுழைவாயில் என்பதால், அந்த இடத்தை மூடுவதே பாதிச் சூட்டுக்குச் சமம். முக்காலியின் உலோகக் கால்களில், குழாய்களுக்குச் சுற்றும் நுரைக்குழலைப் பிளந்து மாட்டிவிடுவதும் இந்த வகையைச் சேர்ந்த மலிவான காப்பே; அலுமினியம் கைச்சூட்டை உறிஞ்சுவதுபோல வேறெதுவும் உறிஞ்சுவதில்லை.

பாதி இரவில் மேகம் சூழ்ந்து வேலை நின்றுவிட்டால், பொட்டலத்தைக் காற்றுப்புகாத ஜிப் பையில் போட்டுக் காற்றைப் பிதுக்கி மூடிவிட வேண்டும். ஆக்சிஜன் தீர்ந்ததும் வினை நின்று, மிச்சமுள்ள இரும்பு மறுநாளைக்கு உதவும். இது தெரியாமல் பலர், இரண்டு மணி நேரம் பயன்படுத்திய பொட்டலத்தைத் தூக்கியெறிந்துவிட்டு மறுநாள் புதிதாக ஒன்றைப் பிரிக்கிறார்கள்.

காலணிக்குள் வைப்பதற்கென்று தனியே விற்கப்படும் பொட்டலங்களைக் கைக்குப் பயன்படுத்தக்கூடாது. காற்று அரிதான காலணிக்குள்ளும் வேலை செய்யவேண்டும் என்பதற்காக அவற்றின் கலவை வேகமாக வினைபுரியும்படி அமைக்கப்பட்டிருப்பதால், திறந்த காற்றில் அவை அளவுமீறிச் சுடும்.

சூடும் சுடும்

பொட்டலத்தின் உறையில் உச்ச வெப்பநிலை, சராசரி வெப்பநிலை, நீடிக்கும் நேரம் என்ற மூன்று எண்கள் இருக்கும். ஜப்பானியத் தரக்கட்டளையின்படி நீடிக்கும் நேரம் என்பது 40 டிகிரிக்குமேல் இருக்கும் நேரம். உச்சம் 60 டிகிரியைத் தாண்டுவது வழக்கம், சராசரி 50ஐ ஒட்டி இருக்கும். இந்தச் சூடு கைக்கு இதமாகவே தோன்றும்; அங்கேதான் ஆபத்து ஒளிந்திருக்கிறது. தோல்மீது 44 டிகிரிச் சூடு ஏறத்தாழ ஆறு மணி நேரம் தொடர்ந்து பட்டாலே தீப்புண் உண்டாகும் என்பதை மோரிட்ஸ், ஹென்ரிக்ஸ் ஆகிய இருவர் 1947இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. வலிக்காத சூடு என்பதற்காக அது சுடாத சூடாகிவிடாது. எனவே பொட்டலம் வெறும் தோலில் படக்கூடாது. மணிக்கட்டில் கட்டியதை மணிக்கு ஒருமுறையாவது இடம் மாற்ற வேண்டும். கட்டிக்கொண்டோ மடியில் வைத்துக்கொண்டோ உறங்கவே கூடாது. நாள்தோறும் ஒரே இடத்தில் சூடு பட்டால், தோலில் வலைப்பின்னல் போன்ற செம்பழுப்புத் தழும்பு விழும்; காஷ்மீரத்தில் தலைமுறை தலைமுறையாகக் காங்கிரியை வயிற்றோடும் தொடையோடும் அணைத்துவந்தவர்களிடம் அவ்விடங்களில் தோல் புற்றுநோய் தோன்றியதை மருத்துவர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே பதிவுசெய்திருக்கிறார்கள். ஆண்டுக்கு ஒருமுறை ஹான்லே செல்பவருக்கு அந்த அச்சம் தேவையில்லை என்றாலும், தழும்பு தெரிந்தால் அவ்விடத்தில் சூடு வைப்பதை நிறுத்திவிட வேண்டும்.

நீரிழிவு நோயால் கைகால்களில் உணர்வு குறைந்தவர்கள் இதில் மற்றவர்களைவிடப் பன்மடங்கு எச்சரிக்கையாக இருக்க வேண்டும். சுடுவது தெரியாத தோலுக்குச் சூட்டின் அளவை உணர்த்த வேறு வழியில்லை. குளிர் பட்டதும் விரல்கள் வெளுத்து, நீலம் பாரித்து, பின்பு சிவக்கும் தன்மையுள்ளவர்களும் இருக்கிறார்கள். 1862இல் இதை விவரித்த பிரெஞ்சு மருத்துவரின் பெயரால் ரேனோ நோய் எனப்படும் இக்குறை உடையவர்கள், விரல் விறைத்த பிறகு பொட்டலத்தைத் தேடாமல், வெளியே வரும்போதே சூடான கையுறையுடன் வர வேண்டும். புகைபிடித்தால் குளிர் தணியும் என்ற நம்பிக்கை வான்நோக்கர்களிடையேயும் உண்டு. நிக்கோட்டின் இரத்தக் குழாய்களை மேலும் சுருக்குவதால், சிகரெட்டால் சூடாவது அதைப் பற்றவைத்த தீக்குச்சி மட்டுமே.

விரல் நுனி மெழுகுபோல் வெளுத்து, கெட்டிப்பட்டு, தொட்டால் உணர்வே இல்லாமல் போனால், அது விறைப்பின் எல்லையைத் தாண்டி, திசுவே உறையத் தொடங்கிய பனிக்கடி ஆகும். அந்த விரலில் பொட்டலத்தை வைப்பதும், அடுப்பில் காட்டுவதும், தேய்ப்பதும், பனியால் உரசுவதும் தவறு. உணர்விழந்த தோல் வெந்துபோனாலும் தெரியாது, தேய்த்தால் உள்ளே உறைந்த திசு சிதையும். மீண்டும் உறையாது என்று உறுதியான இடத்துக்கு வந்த பிறகு, 37 முதல் 39 டிகிரி வரை உள்ள வெதுவெதுப்பான நீரில் விரலை முழுக்கிவைத்து, மருத்துவ உதவியை நாடுவதே முறை. நீரின் சூட்டைப் பாதிக்கப்படாத மற்றொருவர்தான் தம் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும்.

உள்ளூர் மலைகளில்: கைக்கல்ல, கண்ணாடிக்கு

உதகையின் தலைகுந்தா, காந்தல் போன்ற தாழ்வான பகுதிகளில் குளிர்காலத்தில் முதலில் நீர்ப்பனியும் பின்னர் உறைபனியும் விழுவது ஆண்டுதோறும் செய்தியாகிறது. அந்தப் புல்வெளியில் தொலைநோக்கியை நிறுத்துபவரின் விரல் ஹான்லேயில் படும் பாட்டைப் படுவதில்லை; அவருடைய வில்லைதான் பாடுபடுகிறது. லடாக்கின் காற்று வறண்டது. தமிழக மலைகளின் காற்று ஈரமானது. தெளிந்த வானத்தை நோக்கிநிற்கும் கண்ணாடி தன் வெப்பத்தைக் கதிர்வீசி இழந்து, சுற்றியுள்ள காற்றைவிடவும் குளிர்ந்துபோகிறது. அது பனிநிலையை, அதாவது காற்றிலுள்ள நீராவி நீர்த்துளியாகப் படியத் தொடங்கும் வெப்பநிலையைத் தொட்டதும், வில்லைமீது மெல்லிய பனிப்படலம் படர்கிறது. 725 மீட்டர் உயரமே உள்ள ஜவ்வாது மலைக் காவலூரில், வைணு பாப்பு வானாய்வகம் அமைந்த அந்தக் காட்டுப் பகுதியிலும்கூட, குளிர் என்று சொல்ல முடியாத இரவிலும், விண்மீன்கள் ஒன்றன்பின் ஒன்றாக மங்குவதைப் பார்த்து மேகம் வந்துவிட்டதோ என்று அண்ணாந்து பார்ப்பவர், வில்லையைத் தடவிப் பார்த்தால் விரலில் ஈரம் ஒட்டும்.

படிந்த பனியைத் துணியால் துடைப்பதால் பூச்சு கீறுபடுமே தவிர, சில நிமிடங்களில் பனி மறுபடி படிந்துவிடும். படியாமல் தடுப்பதே வழி. அதற்கு வில்லை, சுற்றுக்காற்றைவிட இரண்டு மூன்று டிகிரி சூடாக இருந்தால் போதும், 4 வாட் பொட்டலத்துக்கு இது எளிய வேலை. பழைய கம்பளிக் காலுறையின் பாதப்பகுதியை வெட்டியெறிந்து, எஞ்சிய குழாயை வில்லையின் உலோக வளையத்தின்மேல், முன்கண்ணாடிக்குச் சற்றுப் பின்னால் வருமாறு மாட்டி, இரண்டு பொட்டலங்களை எதிரெதிர்ப் பக்கங்களில் அதற்குள் செருகிவிடலாம். இங்கும் பொட்டலம் மூச்சுவிட வேண்டும் என்பதால், கம்பளிக்குப் பதிலாக நெகிழித்தாளைச் சுற்றுவது வீண். சூடு ஏறும்போது வில்லை விரிந்து குவியம் சற்று நகரும். ஆகவே மாலையிலேயே, பனி விழுமுன்பே கட்டிவிட்டு, அரைமணிக்குப் பின் குவியத்தை மீண்டும் திருத்திக்கொள்ள வேண்டும். பொட்டலம் கண்ணாடியின் முன்விளிம்பைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்தால், அதிலிருந்து எழும் வெங்காற்று ஒளியை அலைக்கழித்து, கோள்களின் உருவைக் கானல்நீர்போல் நெளியவைக்கும். குழாயின் அடியில் கண்ணாடி அமைந்த நியூட்டன் வகைத் தொலைநோக்கிக்குக் குழாயே காவல் என்பதால் முதன்மைக் கண்ணாடிக்கு இத்தொல்லை குறைவு. முகப்பிலேயே பெரிய கண்ணாடித் தகட்டை வானுக்குக் காட்டிநிற்கும் ஷ்மிட்-காசிகிரைன் வகைக்குத்தான் இது கட்டாயம்.

விடிந்ததும் வேலை ஓய்ந்துவிடுவதில்லை. குளிர்ந்த கேமராவை அப்படியே சூடான அறைக்குள் கொண்டுபோனால், அறைக்காற்றின் ஈரம் முழுவதும் அதன்மேல் படியும்; எனவே வெளியிலேயே காற்றுப்புகாத பையில் இட்டு மூடி, அறையின் சூட்டுக்கு அது வந்துசேரும்வரை ஓரிரு மணி நேரம் திறக்காமல் வைக்க வேண்டும். நினைவட்டையை முன்னதாகக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டால் படங்களைப் பார்க்கும் ஆவலும் தீரும். செலவழிந்து கல்போல் இறுகிய பொட்டலத்தில் எஞ்சியிருப்பது துருவும் உப்பும் கரியும் மட்டுமே என்றாலும், அதைப் பிரித்து மண்ணில் கொட்டுவது தவறு. ஹான்லேயில் மழை மிக அரிது, கொட்டிய உப்பைக் கழுவிச் செல்ல அங்கே தண்ணீர் இல்லை. புதிய பொட்டலத்தின் இரும்புத் தூள் குழந்தைகளும் நாய்களும் தின்றால் நஞ்சாகக் கூடியது என்பதால், பயன்படுத்தாத பொட்டலங்களை விடுதி அறையில் விட்டுவராமல் எண்ணி எடுத்துக்கொண்டே திரும்ப வேண்டும். உறை கிழியாதவரை, அச்சிட்ட காலக்கெடுவுக்குள், அடுத்த குளிர்காலத்துக்கும் அவை அப்படியே உதவும்.